நாடக மேடையோட சைடு விங்ல, அதாவது ஜனங்களுக்குத் தெரியாம மறைஞ்சு நிக்கிற ஓரத்துல, வளர்ந்தவங்க யாராவது இருக்கீங்களா?

எங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே அமெச்சூர் நாடகக்காரங்க. பகல்ல ஆளுக்கொரு வேலை, சாயந்திரமானா ரிகர்சல். யாருக்கும் சம்பளம் கிடையாது, ஆனா ஒருத்தர் பத்து நிமிஷம் லேட்டா வந்தா அப்பாவுக்கு முகமே மாறிடும். எனக்கு வலது இடது ரொம்ப நாள் குழப்பம், ஏன்னா மேடையில வலதுன்னா பார்க்கறவங்களுக்கு வலது இல்ல, ஜனங்களைப் பார்த்து நிக்கிற நடிகரோட வலது, நான் அதைத்தான் முதல்ல கத்துக்கிட்டேன்.

ஒன்பது வயசுல பிராம்ப்ட் பண்ண, அதாவது நடிக்கிறவங்க வசனம் மறந்தா ஓரத்துல இருந்து எடுத்துக் கொடுக்க, உட்கார வெச்சாங்க, வழக்கமா பண்றவருக்கு அன்னிக்கு தொண்டை கட்டிடுச்சு. மடியில ஸ்கிரிப்ட், வரிக்கு அடியில விரல் ஓடணும், ஆனா கண்ணு நடிக்கிறவங்க வாய் மேல இருக்கணும். முழு வசனத்தையும் சொல்லக்கூடாது, முதல் ரெண்டு வார்த்தை போதும். கிசுகிசுன்னு சொல்லவே கூடாது, அந்தக் காத்து சத்தம் முன் வரிசைக்குப் போயிடும், நடிக்கிறவங்களுக்கு வார்த்தை புரியாது, அடிக்குரல்ல தெளிவா சொல்லணும். இதெல்லாம் அப்பா சொல்லிக் கொடுத்தார். சொல்லிக் கொடுக்க முடியாத ஒண்ணு இருக்கு, எதிர்ல நிக்கிறவங்க சும்மா இருக்கறது நடிப்பா மறதியான்னு கண்டுபிடிக்கறது.

அம்மாவுக்கு ஒரு சீன், கடுதாசியைப் படிச்சுட்டு நாலா மடிச்சு வெச்சுட்டு பேசாம நிக்கணும், அப்புறம்தான் வசனம். ரிகர்சல்ல மூணு எண்ணறதுக்குள்ள பேசிடுவாங்க. ஷோ அன்னிக்கு பேசல. அஞ்சு, ஆறு, ஏழுன்னு நான் எண்ணிட்டே இருக்கேன், உள்ளங்கை வேர்த்து பேப்பர் ஈரமாயிடுச்சு, கடைசியில பயந்து போய் சத்தமா எடுத்துக் கொடுத்துட்டேன். முன் வரிசையில ஒரு தலை என் பக்கம் திரும்புச்சு. அம்மா மறக்கவே இல்ல. அன்னிக்கு அந்த மௌனம் அவங்களுக்குத் தானா வந்திருக்கு, நான் அதை உடைச்சுட்டேன்.

ஷோ முடிஞ்சு டிரஸ் பெட்டிக்குப் பின்னாடி போய் உட்கார்ந்துட்டேன். பாதி மேக்கப் கலைச்ச முகத்தோட அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்தாங்க, திட்டல. கையை நீட்டி, "இனிமே என் கையைப் பாருடி. நான் மறந்துட்டேன்னா கட்டைவிரல் உள்ள போய் மத்த விரல் எல்லாம் அதை மூடிக்கும். கை சும்மா கிடந்தா நீயும் சும்மா இரு"ன்னாங்க. அதுக்கப்புறம் ஒரு தடவை கூட நான் தப்பா எடுத்துக் கொடுத்ததில்ல. உங்க அனுபவத்தையும் எழுதுங்க, கேக்க ஆசையா இருக்கு.

---

படிச்சதும் நெஞ்சு அடைச்சுடுச்சு. நான் லைட்டு போடறவரோட பையன். மேடையில இருட்டாக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரு கண்ணை மூடிக்கோ, இருட்டானதும் அந்தக் கண்ணைத் திறன்னு அப்பா சொல்வார், அந்தக் கண்ணு ஏற்கெனவே இருட்டுக்குப் பழகியிருக்கும், நாற்காலியில இடிச்சுக்காம ஓடிப் போய் மேடையில இருக்கற சாமானை எடுத்துட்டு வரலாம். இப்பவும் கரண்ட் போற மாதிரி விளக்கு மினுக்கினா கை தானா ஒரு கண்ணைப் பொத்திக்குது.

ஆனா ஒரு வருத்தமும் இருக்கு, அதையும் சொல்லிடறேன். அப்பா அடிக்கடி ரஷ்ய நாடக நடிகர், இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி கதை சொல்வார், அவர் 1863ல பிறந்தவர், 1877ல வீட்டுக்காரங்களே சேர்ந்து நாடகம் போட ஆரம்பிச்சப்போ அவருக்கு 14 வயசு, தன் நடிப்பைப் பத்தி நோட்டு எழுதிட்டே வந்தார்னு. எனக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார். எனக்கு நடிக்கணும்னே இல்ல, பந்து விளையாடணும். அந்த நோட்டுல எழுதினதெல்லாம் அவருக்குப் பிடிக்கும்னு எழுதினது. உனக்கு இது பிடிச்சிருக்கான்னு ஒரு நாள் கூட யாரும் கேக்கல, அது இன்னும் உறுத்துது.

---

நான் நாடகக் குடும்பத்துல பிறக்கல, மருமகளா வந்தவ. எங்க வீட்டுக்காரர், மாமனார், நாத்தனார் எல்லாருமே நாடகம். பையனுக்கு ஆறு வயசு, ரிகர்சல்ல தரையில ஒட்டற டேப் மேல நடந்து நடந்து எந்த மேஜை எங்கன்னு அவனுக்கு மனப்பாடம், யாராவது தள்ளி வெச்சுட்டா ஓடி வந்து சரி பண்ணுவான். மேல எழுதினவர் சொன்னதைப் படிச்சுட்டு உடனே போய்க் கேட்டேன், "உனக்குப் பிடிச்சிருக்காடா கண்ணா"ன்னு. டேப் ஒட்டறது பிடிக்கும், தாத்தா கத்தறது பிடிக்காதுன்னான். மாமாகிட்ட இதை எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருக்கேன், ஆனா சொல்லத்தான் போறேன்.

---

முதல்ல எழுதினவதான் மறுபடி வர்றேன். அக்கா, கட்டாயம் சொல்லுங்க. லைட்டுக்காரர் பையனுக்கும் ஒண்ணு சொல்லணும், எனக்கும் கிட்டத்தட்ட அதேதான். அம்மாவோட கையைப் பார்க்கற பழக்கம் மேடையோட நிக்கல. அப்பாவோட சண்டை வந்தா, போன்ல ஏதாவது கெட்ட சேதி வந்தா, நான் முகத்தைப் பார்க்க மாட்டேன், கையைத்தான் பார்ப்பேன். ஒரு சின்னப் பொண்ணுக்கு அது பெரிய பாரம்ங்க. பத்தொன்பது வயசுல ஒரு ராத்திரி, இனிமே நாடகத்துக்கு வரலம்மா, எனக்கு வேற படிக்கணும்னு சொன்னேன். அம்மா ஒண்ணும் பேசல. கட்டைவிரல் மெதுவா உள்ள போச்சு. எடுத்துக் கொடுக்க என்கிட்ட வார்த்தையே இல்ல, அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.