ஒன்பதாம் வகுப்புக்கு ரூல்ஸ்: முதல் இரண்டு வாரத்தில் எதை, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

கேள்வி: கணக்கு_9பி

வணக்கம். அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராக இருக்கிறேன். ஜூனில் பள்ளி திறந்ததும் 9பி-க்கு வகுப்பாசிரியர் பொறுப்பு. ஆணும் பெண்ணுமாக 42 பேர். வாரத்துக்கு 7 கணக்குப் பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். இரண்டு பீரியட் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது.

கேட்க வேண்டியது நான்கு. ரூல்ஸ் எத்தனை இருக்கலாம்? நானே சொல்லிவிடுவதா, பிள்ளைகளிடம் கேட்டு எழுதுவதா? வகுப்புத் தலைவனைப் போர்டில் பெயர் எழுதச் சொல்வது சரியா? பிரம்பைத் தொடப்போவதில்லை. அது இல்லையென்று தெரிந்த பிறகு எதை வைத்து வகுப்பை நடத்துவது?

---

சாக்பீஸ்

சார், முதலில் ரூல் வேறு, பழக்கம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரூல் என்பது எப்போதும் பொருந்துவது. அது ஐந்துக்கு மேல் போகக் கூடாது. பழக்கம் என்பது குறிப்பிட்ட ஒரு வேலையை எப்படிச் செய்வது என்பது: உள்ளே வருவது, நோட்டு கொடுப்பது, பாத்ரூம் கேட்பது, குழுவாக உட்காருவது. பல வகுப்புகளில் சுவரில் பதினைந்து ரூல் ஒட்டியிருக்கும், ஆனால் ஹோம்வொர்க் நோட்டை எப்படிக் கொடுப்பது என்று ஒருவருக்கும் தெரியாது. சத்தம் கிளம்புவதே அந்த இடத்தில்தான்.

ரூலை எழுதிவிட்டு ஒரு சோதனை வையுங்கள்: இதைக் கண்ணால் பார்க்க முடியுமா? "ஒழுக்கமாக நடந்துகொள்ள வேண்டும்" என்றால் எதைப் பார்த்துச் சரி, தப்பு சொல்வீர்கள்? "இரண்டாம் பெல் அடிக்கும்போது இடத்தில் இருப்போம், நோட்டும் பேனாவும் மேஜைமேல் இருக்கும்" என்பதைப் பார்க்க முடியும். "ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்போம்" என்பதையும் பார்க்கலாம். "அடுத்தவர் பொருளைக் கேட்டுத்தான் எடுப்போம்" இன்னொன்று. பொதுவாக 'செய்வோம்' என்று எழுதுவதே நல்லது. ஒரே ஒரு ரூலை மட்டும் நான் 'கூடாது' என்றே எழுதச் சொல்வேன்: பட்டப்பெயர் கூடாது. சாதி, நிறம், உடம்பு, அப்பா அம்மா பார்க்கும் வேலை எதையும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. இதைச் சுற்றிவளைத்து "மரியாதையாகப் பேசுவோம்" என்று எழுதினால் "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்ற பதில் தயாராக இருக்கும்.

பிள்ளைகளைக் கேட்பது பற்றி: முதல் நாளே "ரூல்ஸ் நீங்களே சொல்லுங்க" என்று விடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது ரூலாக இருக்காது, தண்டனையாகத்தான் இருக்கும். நூறு தோப்புக்கரணம், கிரவுண்டைப் பத்துச் சுற்று, ஐம்பது ரூபாய் ஃபைன் என்று நம்மைவிடக் கடுமையாகப் போவார்கள். அதை நீங்கள் மறுத்தால் "அப்புறம் எதுக்குக் கேட்டீங்க" என்றாகிவிடும். ரூலை நீங்கள் கொடுங்கள். பழக்கத்தை அவர்கள் முடிவு செய்யட்டும். 42 நோட்டை எந்த வழியில் சீக்கிரம் மேஜைக்குக் கொண்டுவரலாம் என்று கேட்டால் உண்மையாகவே யோசித்துச் சொல்வார்கள். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கடத்தி, முதல் பெஞ்சில் ஒருவர் அடுக்கி வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் முடியும். ஒவ்வொருவராக எழுந்து வந்தால் ஆறு நிமிடம் போகும். வாரம் 7 பீரியடுக்கு அது 42 நிமிடம், அதாவது ஒரு பீரியடுக்கும் மேல்.

இப்போது முதல் ஐந்து நிமிடம். மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை, இதை மட்டும் விடாதீர்கள். பெல் அடிக்கும்போது நீங்கள் வாசலில் நிற்க வேண்டும். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வராண்டாவும் தெரியும், வகுப்பும் தெரியும். போர்டில் ஏற்கெனவே இரண்டு கணக்கு எழுதியிருக்கும், நேற்று நடத்தியதிலிருந்து, யாரும் போட முடிகிற அளவுக்கு. இடைவேளை முடிந்தோ சாப்பாடு முடிந்தோ உள்ளே வருகிறவர்கள் உட்கார்ந்ததும் நோட்டை எடுத்து அதைப் போட ஆரம்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் பெயர் கூப்பிடாமல் பெஞ்சைப் பார்த்தே வருகைப்பதிவை முடித்துவிடலாம். ஐந்தாவது நிமிடம் விடையைச் சரிபார்த்துப் பாடத்துக்குப் போய்விடுங்கள். போர்டில் வேலை இல்லாத நாளில் அந்த ஐந்து நிமிடத்தைப் பிள்ளைகள் தங்கள் வேலையால் நிரப்பிக்கொள்வார்கள், பிறகு அதை மீட்கப் பத்து நிமிடம் ஆகும்.

அமைதிக்கு ஒரே ஒரு சைகை வையுங்கள். டஸ்டரால் மேஜையைத் தட்டுவது வேண்டாம், சத்தத்துக்கு மேல் சத்தம் போட்டால் இரண்டும் ஏறும். போர்டுக்கு நடுவில், எப்போதும் அதே இடத்தில் நின்று கையைத் தூக்குங்கள். பார்த்தவர்களும் கையைத் தூக்கிப் பேச்சை நிறுத்த வேண்டும். கடைசி ஆள் நிறுத்தும்வரை வாயைத் திறக்காதீர்கள். 40 பேர் அமைதியாக இருக்க இருவர் பேசும்போது நீங்கள் ஆரம்பித்துவிட்டால், இருவர்வரை பேசலாம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்கள்.

எல்லாவற்றையும் முதல் நாளில் கொட்டாதீர்கள். முதல் நாள் உள்ளே வருவதும் சைகையும் மட்டும். இரண்டாம் நாள் நோட்டு. மூன்றாம் நாள் பாத்ரூம், தண்ணீர். குழு வேலை இரண்டாம் வாரத்தில். சொன்னால் போதாது, செய்து பார்க்க வைக்க வேண்டும். வரிசை குலைந்து உள்ளே வந்தால், கோபமே இல்லாத குரலில் "இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று வெளியே அனுப்பி மறுபடி வரச் சொல்லுங்கள். குரலில் எரிச்சல் வந்தால் அது பயிற்சியாக இருக்காது, தண்டனையாகிவிடும்.

---

தென்பொதிகை

தலைவன் போர்டில் பெயர் எழுதும் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மேடமா சாரா தெரியவில்லை, மன்னிக்கவும். தயவுசெய்து வேண்டாம். எழுதுகிறவன் தன் கூட்டாளி பெயரை எழுத மாட்டான். பிடிக்காதவன் பெயர் மூன்று ஸ்டாருடன் இருக்கும். எழுதப்பட்டவன் சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கணக்குத் தீர்ப்பான். 14 வயதுப் பிள்ளையின் கையில் மற்ற 41 பேர்மீதும் அதிகாரத்தைக் கொடுக்கும் ஏற்பாடு அது. எங்கள் பக்கத்து மாவட்டங்களில் அந்த அதிகாரம் எந்தத் தெருக்காரனிடம் இருக்கிறது என்று வகுப்பு முழுக்கக் கணக்குப் போடும்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியல் சமூக மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அதில் வகுப்பாசிரியர் நாளைக் காலையே செய்யக்கூடியவை இருக்கின்றன. உட்காரும் வரிசை பெயரின் அகர வரிசைப்படி இருக்க வேண்டும். சாதியைக் காட்டும் கலர் கயிறு கூடாது. ஆசிரியர் யாரும் பிள்ளையைச் சாதி சொல்லியோ சாதியைத் தொட்டோ கூப்பிடக் கூடாது. இவை உங்கள் முதல் நாள் வேலைகள். "எங்க வேணா உட்காருங்க" என்று விட்டால் ஒரு வாரத்தில் பெஞ்சைப் பார்த்தே ஊரின் தெருக்களை வரைந்துவிடலாம். அகர வரிசைப்படி உட்கார வைத்து, திங்கள்கிழமைதோறும் ஒரு வரிசை பின்னால் நகர்த்துங்கள், கடைசி வரிசை முன்னால் வரட்டும். கண்ணாடி போட்டவர், காது மந்தமானவர் முன்னாலேயே இருக்கட்டும், காரணத்தை வகுப்புக்கு விளக்க வேண்டியதில்லை. மார்க் வரிசையில் உட்கார வைப்பதும் இதே அளவுக்குத் தப்பு.

கயிறு விஷயத்தில் வகுப்பில் வைத்து யார் கையிலிருந்தும் அறுக்காதீர்கள். தனியே கூப்பிட்டு, "நாளைக்கு இல்லாமல் வா" என்று ஒருமுறை சொல்லுங்கள். மறுநாளும் இருந்தால் தலைமையாசிரியர் வழியாக வீட்டுக்குச் சொல்லுங்கள். எல்லாக் கயிற்றுக்கும் ஒரே அளவுகோல். ஒரு நிறத்தைக் கேட்டு இன்னொரு நிறத்தை விட்டீர்கள் என்றால் அன்றோடு உங்கள் பேச்சு முடிந்தது.

தலைவருக்கு வேலை கொடுங்கள், காவல் கொடுக்காதீர்கள். சாக்பீஸ் கொண்டுவருவது, ஐந்து நிமிடமாகியும் ஆசிரியர் வராவிட்டால் ஆபீசில் சொல்வது, ஃபேன் லைட் அணைப்பது. இரண்டு வாரத்துக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக மாற்றிக்கொண்டே வாருங்கள்.

---

இயற்பியல் டீச்சர்

பிரம்பு பற்றி. நம் மாநிலத்தில் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதியை 2003லேயே திருத்தி அடிப்பதைத் தடை செய்தாயிற்று. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. அந்தச் சட்டம் 14 வயதுவரைதானே, ஒன்பதாம் வகுப்புக்கு ஏது என்று சிலர் வாதம் செய்வார்கள். மாநில விதியில் அந்த வயசுக் கணக்கு இல்லை. முட்டி போட வைப்பது, வெயிலில் நிறுத்துவது எல்லாம் அடியில் சேர்ந்ததுதான். வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அவன் பாடம் போகும், அந்த நேரத்தில் அவனுக்கு எது நடந்தாலும் பொறுப்பு உங்களுடையது. நூறு தடவை எழுதச் சொன்னால் எழுதுவதே தண்டனை என்று கற்றுக்கொள்வான்.

அப்படியானால் என்ன இருக்கிறது? சின்னதாக, நிச்சயமாக, அன்றைக்கே நடக்கிற விளைவு. "டி.சி. கொடுத்திடுவேன்" என்பது உங்கள் கையில் இல்லாதது, அது பிள்ளைகளுக்கும் தெரியும். உங்கள் கையில் இருப்பது இந்தப் படிகள். பாடத்தை நிறுத்தாமல் அவன் பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நின்று நடத்துங்கள். பெரும்பாலானவை அங்கேயே முடியும் (அதனால்தான் எந்த பெஞ்சுக்கும் நாலு எட்டில் போகிற மாதிரி நடைவழி விட வேண்டும்). முடியாவிட்டால் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள். "ஏன் பேசுற?" வேண்டாம், அது கேள்வி, பதில் வரும். "மூணாவது கணக்கைப் போடு" போதும். அதற்கும் கேட்காவிட்டால் அந்தப் பீரியடுக்கு மட்டும் இடம் மாற்றம். அடுத்தது, பீரியட் முடிந்ததும் இரண்டு நிமிடப் பேச்சும் அரைப் பக்கமும்: என்ன நடந்தது, யாருக்குத் தொந்தரவு, நாளைக்கு எப்படி. அதற்கும் மேல் வீட்டுக்கு போன். அடிதடி, ஆயுதம், பாலியல் தொந்தரவு என்றால் படியெல்லாம் கிடையாது, உடனே தலைமையாசிரியர். மறுநாள் எல்லாருக்கும் முதல் படியிலிருந்துதான் தொடக்கம்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, பீரியட், செய்த காரியம், நீங்கள் எடுத்த படி எழுதி வையுங்கள். "அடங்காதவன்" என்று எழுதாதீர்கள், "மூன்று தடவை எழுந்து ஜன்னலுக்குப் போனான்" என்று எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் தெரியும், பாதி சம்பவம் ஒரே பீரியடில், ஒரே இரண்டு பெஞ்சில் நடந்திருக்கும். மாற்ற வேண்டியது பெஞ்சாகக்கூட இருக்கலாம்.

அமெரிக்காவில் ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் வகுப்புகளை வீடியோ எடுத்து ஆராய்ந்து 1970இல் எழுதினார். நன்றாக நடக்கும் வகுப்புக்கும் தடுமாறும் வகுப்புக்கும், தப்பு நடந்த பின் ஆசிரியர் கண்டிக்கும் விதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் முன்னாலேயே இருந்தது: ஆசிரியருக்கு எல்லாப் பக்கமும் கண் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் தொய்வில்லாமல் போனார்கள். போர்டில் எழுதும்போது முழு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று எழுதுவதிலிருந்தே இது ஆரம்பம்.

---

கணக்கு_9பி

மூவருக்கும் நன்றி. (தென்பொதிகை: சார்தான்.) இரண்டு சந்தேகம். இடம் மாறு என்று சொன்னதும் "முடியாது" என்று உட்கார்ந்துவிட்டால்? வீட்டுக்கு போன் செய்தால் அங்கே அடி விழுமே, அதற்கு என்ன வழி?

---

இயற்பியல் டீச்சர்

இந்த வயசில் கெத்துதான் பெரிசு சார். 41 பேர் பார்க்க அவன் எழுந்தால் தோற்றுப்போனதாக நினைப்பான். அதனால் சொல்லிவிட்டு மேலே நிற்காதீர்கள். "அந்த மூணாவது பெஞ்சுக்குப் போ" என்று மெதுவாகச் சொல்லி, திரும்பி இன்னொருவர் நோட்டைப் பார்க்கப் போய்விடுங்கள். பத்து வினாடியோ இருபது வினாடியோ, முணுமுணுத்துக்கொண்டே போவான். முணுமுணுப்பை விட்டுவிடுங்கள். போனானா, அதுதான் வேண்டும். போகவே இல்லை என்றால் இழுக்கவோ பையைத் தூக்கவோ வேண்டாம். "சரி, பெல் அடிச்சதும் பேசலாம்" என்று சொல்லிப் பாடத்தைத் தொடருங்கள். பெல் அடித்ததும் கட்டாயம் பேசுங்கள். அதை மறந்தால் 'முடியாது' என்றால் விட்டுவிடுவார் என்று எல்லாருக்கும் பதிந்துவிடும்.

போன் விஷயத்தில், முதல் போன் புகாராக இருக்கவே கூடாது. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று வைத்தால் 42 பேருக்கு 21 வேலை நாள். பெரும்பாலோர் கூலி வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி ஏழுக்கு மேல் கூப்பிடுங்கள். "உங்க பொண்ணு இன்னைக்குப் போர்டில் வந்து கணக்குப் போட்டாள், சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று ஒரு நிமிடம் போதும். பிறகு எப்போதாவது புகார் சொல்ல வேண்டி வந்தால் காது கொடுப்பார்கள். அப்போதும் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்: "அடிக்க வேணாம், திட்டவும் வேணாம். நான் அவன்கிட்ட பேசிட்டேன். நாளைக்கு நோட்டோட வரான்னு மட்டும் பார்த்துக்குங்க." வீட்டில் அடி மிஞ்சுகிறது என்று தெரிந்தால் அந்த வீட்டுக்குப் புகார் போன் வேண்டாம். தலைமையாசிரியரிடம் சொல்லி, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 வழியைப் பாருங்கள்.

---

சாக்பீஸ்

விட்டுப்போன ஒன்று, பாத்ரூம். ஒரு சின்ன மரக்கட்டையில் '9பி' என்று எழுதி வாசல் ஆணியில் மாட்டுங்கள். கட்டை ஆணியில் இருந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், வாயால் கேட்கத் தேவையில்லை, ஒரு நேரத்தில் ஒருவர்தான். பெண் பிள்ளைகள் எப்போது போனாலும் காரணம் கேட்கக் கூடாது, கட்டை வெளியே இருந்தாலும் அவசரம் என்று கை காட்டினால் விட்டுவிடுங்கள். யாராவது தினமும் அதே பீரியடில் போய்ப் பத்து நிமிடம் கழித்து வந்தால் பூட்டு போடாதீர்கள். அவருக்கு அந்தப் பாடம் எங்கே விட்டுப்போனது என்று பாருங்கள், கணக்கில் பெரும்பாலும் பின்னமோ மைனஸ் குறியோதான்.

காலாண்டு லீவும் அரையாண்டு லீவும் முடிந்து வரும் முதல் பீரியடில் பத்து நிமிடம் ஒதுக்கி, உள்ளே வருவதையும் நோட்டு கடத்துவதையும் மறுபடி செய்து பார்க்க வையுங்கள். ஜூனில் செய்தது அக்டோபரில் பாதி கரைந்திருக்கும்.