குடும்பத்தோட போக ஆஃப்ரோடு கேம்பர் ட்ரெய்லர்: பெருசா, சின்னதா, வேணவே வேணாமா?

தண்டையார்பேட்டை அப்பா

எல்லாருக்கும் வணக்கம். வீட்ல அஞ்சு பேர். நான், மனைவி, 9 வயசுப் பையன், 5 வயசுப் பொண்ணு, 68 வயசுல அம்மா. வண்டி டீசல் ஸ்கார்ப்பியோ. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை வெளிய கிளம்பிடுவோம். பழவேற்காடு, ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம், ஆந்திராவுல கண்டிக்கோட்டா, போன வருஷம் கொல்லிமலை. ஒவ்வொரு தடவையும் ரூம் தேடுறதுலயே பாதி நாள் போயிடுது. அம்மாவுக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கறதில்ல. அதனால ஒரு கேம்பர் ட்ரெய்லர், அதான் வண்டிக்குப் பின்னாடி மாட்டி இழுத்துட்டுப் போய்த் தங்குறது, வாங்கிடலாம்னு ஆறு மாசமா யோசனை.

ரெண்டு பாத்து வெச்சிருக்கேன். ஒண்ணு ரெண்டு அச்சு, கெட்டிச் சுவர், உள்ளயே கட்டில், கிச்சன், கழிப்பறை. காலி எடை 1,600 கிலோ. இன்னொண்ணு ஒத்தை அச்சு, மேல கூடாரம் விரியும், பின்கதவைத் திறந்தா அடுப்பு. காலி எடை 620 கிலோ. மனசு பெருசுக்குத்தான் போகுது. உங்க அனுபவத்தைச் சொல்லுங்க.

மணலிக்காரன்

பெருசே வாங்குங்க. நான் மேற்கு ஆஸ்திரேலியாவுல ஆறு வருஷம் சுரங்க வேலையில இருந்தவன். லீவு கிடைச்சா குடும்பத்தோட ட்ரெய்லர்லதான் சுத்துவோம். அங்க கிப் ரிவர் ரோடுன்னு ஒண்ணு, 660 கிலோமீட்டர், பெரும்பகுதி மண் ரோடு. ஆஸ்பெஸ்டாஸ் ஓடு மாதிரி அலை அலையா இருக்கும். அதுல ரெண்டு தடவை போய் வந்திருக்கேன்.

மூணு விஷயத்துல காசு பாக்காதீங்க. இடது சக்கரம் பள்ளத்துல இறங்கினா வலது சக்கரத்தை இழுக்காத, தனித்தனியா ஆடுற சஸ்பென்ஷன். வண்டியையும் ட்ரெய்லரையும் கோக்குற இடத்துல எல்லாப் பக்கமும் சுழலுற கப்ளிங் (சாதா 50 மில்லிமீட்டர் உருண்டை மேடுபள்ளத்துல முறுக்கிக்கும்). அப்புறம் எலெக்ட்ரிக் பிரேக்.

கூடாரத் துணி காத்துல ராத்திரி பூரா படபடன்னு அடிக்கும், அம்மாவுக்குத் தூக்கம் வராது. மழையில நின்னு 20 நிமிஷம் அதை விரிக்கணும். கெட்டிச் சுவர் வெச்சதுன்னா கதவைத் திறந்து உள்ள போயிடலாம். வயசானவங்களும் சின்னப் பிள்ளைங்களும் இருக்கிற வீட்டுக்கு அதான் சரி.

எண்ணூர் வெல்டர்

தம்பி, மணலிக்காரர் சொல்றது அந்த ஊருக்குச் சரி. நான் 22 வருஷமா எண்ணூர்ல கண்டெய்னர் ட்ரெய்லர் சேசிஸ் (அடிச்சட்டம்) வேலை பாக்குறேன். இருபதடி, நாப்பதடி எல்லாம் நம்ம கைபட்டு வெளிய போனதுதான். காலியா 1,600ன்னா தண்ணி, கேஸு, சாமான் ஏறி 2,000 கிலோவைத் தொட்டுடும். உன் வண்டி எடைக்கு ஈடா ஒண்ணு பின்னாடி தொங்குது. மொதல்ல வண்டியோட கையேட்டைத் தொறந்து பாரு, எவ்ளோ இழுக்கலாம்னு போட்டுக்கீதான்னு. போடலன்னா கம்பெனிக்கு எழுதிக் கேளு. ஷோரூம்ல வாயால சொல்றத நம்பாத.

தனித்தனி சஸ்பென்ஷன் நல்லதுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஜமுனாமரத்தூர்ல அதுல புஷ் (மூட்டுல இருக்குற ரப்பர் வளையம்) போச்சுன்னா எவன் வெச்சிருப்பான்? லீஃப் ஸ்பிரிங் பட்டை ஒடஞ்சா டிராக்டர் ரிப்பேர் பாக்குறவன் சாயந்திரத்துக்குள்ள போட்டுக் குடுப்பான்.

அதவிட முக்கியம் துரு. நம்ம பக்கம் உப்புக் காத்து. சேசிஸை முழுசா துத்தநாகத்துல முக்கி எடுத்தாங்களா, இல்ல மேல வெறும் பெயின்ட்டா கேளு. முக்கி எடுத்ததுக்கப்புறம் துளை போட்டா அந்த எடத்துலேர்ந்து உள்ளாற துரு புடிக்கும், வெளிய தெரியாது. போன மாசம் ஒரு சின்ன ட்ரெய்லர் வந்துச்சு, மேல பளபளன்னு கீது. முன்கட்டைப் பைப்பை சுத்தியால தட்டுனேன், "டங்"குன்னு கேக்க வேண்டிய எடத்துல "தொப்"புன்னு கேட்டுது. அறுத்துப் பாத்தா உள்ள ஒரு கைப்பிடி செதில்.

கொளத்தூர் அக்கா

தம்பி, நீங்க யாருமே கேக்காத கேள்வியை நான் கேக்குறேன். அதை எங்க நிறுத்துவீங்க?

நானும் வீட்டுக்காரரும் சின்ன ட்ரெய்லர்தான் வாங்கினோம். எங்க தெருவுல ரெண்டு பைக் நின்னா ஆட்டோ போகாது. மணலி பக்கம் ஒரு காலி மனையில மாச வாடகைக்கு விட்டிருந்தோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்துச்சே, அப்ப அந்த மனையில தண்ணி நின்னுது. அஞ்சு நாள் கழிச்சுத்தான் போக முடிஞ்சுது. மெத்தை, ஒயரிங், அடுப்பு எல்லாத்துலயும் சேறு. என் பொண்ணு அதுக்குள்ள வெச்சிருந்த வரைபட நோட்டு ஊறி ஒரே கட்டியாயிடுச்சு. அதைக் கையில வெச்சுக்கிட்டு அவ நின்னது இன்னும் கண்ணுல நிக்குது.

அதுக்கு முன்னாடியே துணி போயிடுச்சு. ஏலகிரியில மழை. ஈரத்தோட மடிச்சு வந்துட்டோம், மறுநாள் வேலை. மூணு வாரம் கழிச்சுத் திறந்தா கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை. அதுக்கப்புறம் எவ்வளவு கழுவினாலும் வாடை போகல. துணி வெச்ச ட்ரெய்லருக்கு ஒரு மொட்டை மாடியோ முற்றமோ வேணும். வந்த அன்னிக்கே விரிச்சுக் காய வெக்கணும்.

இன்னொண்ணு, எங்க தங்குவீங்க? காப்புக் காட்டுல அனுமதி இல்லாம ராத்திரி தங்க முடியாது. 2018 மார்ச்ல குரங்கணி தீ விபத்துக்கப்புறம் வனத்துறை ரொம்பக் கண்டிப்பு. பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயம். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துலேர்ந்து இ-பாஸ். ராத்திரி அம்மா எந்திரிச்சு பாத்ரூம் போகணும்னா? என்னைக் கேட்டா அந்தக் காசுல நல்ல ரூமா பாத்து அம்பது தடவை தங்கலாம்.

மணலிக்காரன்

அக்கா, உங்க நஷ்டம் புரியுது. ஆனா நீங்க சொல்றது எல்லாமே துணிக் கூடாரத்தோட குறை. அம்மா ராத்திரி எந்திரிச்சா உள்ளயே கழிப்பறை இருக்கணும்னுதான் நான் பெருசைச் சொல்றேன்.

ராயபுரம் மீன்குழம்பு

நான் சின்னது வெச்சிருக்கேன், மூணு வருஷமாச்சு. தம்பி சொன்ன மாதிரியே காலி எடை 620 கிலோதான். அதை வெச்சுச் சொல்றேன்.

எல்லாம் ஏத்தினா 700க்குள்ள இருக்கும்னு நெனச்சு பிரேக் இல்லாமத்தான் வாங்கினேன். மொதல் பயணம் நெல்லூர் பக்கம். காரனோடை தாண்டி ஜிஎன்டி ரோட்டுல 80ல போறேன், ஒரு லாரி ஓவர்டேக் பண்ணிச்சு. ட்ரெய்லர் மீன் வால் மாதிரி இடம் வலம் ஆட ஆரம்பிச்சுது. ஸ்டீயரிங் கைக்குள்ள நிக்கல. பின் சீட்ல பசங்க. பிரேக்கை மிதிக்காம ஆக்சிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன், மெல்ல அடங்கிச்சு. ஓரம் கட்டி ரொம்ப நேரம் இறங்கவே இல்ல.

திரும்பி வந்ததும் மாதவரத்துல லாரி நிறுத்தத்துக்குப் பக்கத்துல ஒரு எடைமேடைக்குப் போனேன். நம்ம பக்கத்துல எடைமேடைக்கா பஞ்சம்! ராத்திரி பதினொண்ணு. முன்னாடி ஒரு கண்டெய்னர், பின்னாடி ஒரு கண்டெய்னர், நடுவுல நான். கழட்டி ட்ரெய்லரை மட்டும் மேடையில விட்டேன். சீட்டுல 860 கிலோ. நம்பவே இல்ல, வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா எழுதினேன். தண்ணி 60 லிட்டர்னா 60 கிலோ. படுக்கை 40. சாப்பாட்டோட ஃப்ரிட்ஜ் 35. ஸ்பேர் வீல் 28. அரிசி, பாத்திரம் 25. ஜாக்கி, டூல்ஸ் 20. பேட்டரி 13. அஞ்சு கிலோ சிலிண்டரும் அடுப்பும் 12. கூட்டினா 853. மிச்சம் பசங்களோட கிரிக்கெட் மட்டையும் பந்தும்.

அப்புறம் மூக்கு எடை, அதாவது ட்ரெய்லரோட முன்பக்கம் வண்டிக் கொக்கியை அழுத்துற எடை. முன்கட்டையை வண்டியில மாட்டுற உயரத்துக்கே வெச்சு, அடியில பாத்ரூம்ல வெக்கிற எடை மெஷினைக் கட்டை குடுத்து நிறுத்தினேன். 40 கிலோதான் காட்டுது. மொத்தத்துல பத்துல ஒரு பங்கு, அதாவது 86 கிட்ட இருக்கணும். ஸ்பேர் வீலும் தண்ணி டேங்கும் அச்சுக்குப் பின்னாடி இருந்துச்சு, அதான் ஆட்டத்துக்குக் காரணம். ரெண்டையும் முன்னாடி மாத்தினேன், 82 ஆச்சு. அதுலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு ஆட்டம் இல்ல.

பிரேக்கும் போட்டாச்சு. ஆஸ்திரேலியாவுல 750 கிலோ தாண்டினாலே பிரேக் கட்டாயம்னு படிச்சேன், மணலி அண்ணன் சரியான்னு சொல்லணும்.

மணலிக்காரன்

சரிதான். 750 வரைக்கும் விலக்கு. அதுக்கு மேல 2,000 வரைக்கும் ஒரு அச்சோட ரெண்டு சக்கரத்துலயாவது பிரேக் இருக்கணும். 2,000 தாண்டினா எல்லாச் சக்கரத்துலயும் பிரேக், கழண்டு போனா தானே பிடிக்கிற அமைப்பும் வேணும்.

நீங்க சொன்ன ஆட்டம் எனக்கும் அங்க ஒரு தடவை நடந்திருக்கு. அதனால ஒண்ணு ஒத்துக்கறேன். 1,600 கிலோவை எந்த வண்டி இழுக்கும்னு தெரியாம பெருசை வாங்குங்கன்னு நான் சொன்னது தப்பு. ஆனா கொல்லிமலை போறவருக்கு எலெக்ட்ரிக் பிரேக்தான் வேணும், அதுல மாத்தம் இல்ல. 70 கொண்டை ஊசி வளைவு. இறக்கத்துல தள்ளு பிரேக், அதான் ட்ரெய்லர் முன்னாடி தள்ளும்போது தானா பிடிக்கிறது, விடாம உரசிச் சூடாயிடும். ரிவர்ஸ் எடுக்கும்போதும் அந்த பிரேக்கைப் பூட்டி வெக்கலன்னா பிடிச்சுக்கும்.

எண்ணூர் வெல்டர்

அத்த நானும் ஒத்துக்கறேன். பிரேக்குல காசு பாக்காத.

பழவேற்காட்டுக்குப் போறவங்களுக்கு ஒண்ணு. அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு சூடான ஹப்போட (சக்கரத்து நடுக்குடம், உள்ள பேரிங் இருக்கும்) உப்புத் தண்ணியில எறக்காதீங்க. சூடு சட்டுன்னு தணிஞ்சா உள்ளாற காத்து சுருங்கி, சீல் வழியா தண்ணிய உறிஞ்சும். காசிமேட்டுல படகு இழுக்குற ட்ரெய்லர்ல பேரிங் அடிக்கடி போறது அதனாலதான். அரை மணி நேரம் நிறுத்தி ஆற வெச்சு எறக்கு. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவி கிரீஸ் மாத்து. பழைய கிரீஸ் பால் காபி கலர்ல வந்துச்சுன்னா தண்ணி பூந்துடுச்சுன்னு அர்த்தம்.

சக்கரம் வண்டிச் சக்கரமும் ட்ரெய்லர் சக்கரமும் ஒரே அளவு, ஒரே போல்ட் துளையா வாங்கு. ரெண்டு ஸ்பேரும் ரெண்டுக்கும் ஆவும்.

எங்கிட்ட அடிச்சுக் குடுன்னு நெறைய பேர் வர்றாங்க. நான் அடிக்க மாட்டேன். ட்ரெய்லருக்குத் தனி நம்பர், தனி இன்சூரன்ஸ். சொந்த உபயோகத்துக்கான கேம்பர் ட்ரெய்லரை 2004லயே போக்குவரத்து அல்லாத வண்டிப் பட்டியல்ல சேத்துட்டாங்க. ஆனா படிவம் 21, 22 (விற்பனைச் சான்று, தகுதிச் சான்று) குடுக்குற தயாரிப்பாளர்கிட்ட வாங்குனாதான் ஆர்டிஓவுல பதிவாவும். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்டிஓவுக்குப் போய்க் கேட்டுடு.

தண்டையார்பேட்டை அப்பா

எல்லாருக்கும் நன்றி. அக்கா கேட்ட கேள்விதான் ராத்திரி தூங்க விடல. காலையில பையனையும் கூட்டிக்கிட்டு டேப்பும் சாக்பீஸும் எடுத்துட்டுத் தெருவுல இறங்கினேன். டி.எச். ரோட்டுலேர்ந்து எங்க தெருவுக்குள்ள திரும்புற எடத்துல பெருசோட நீளத்தைக் கோடு போட்டுப் பாத்தோம். டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்துடுச்சு. கடைக்கார அண்ணன் பெஞ்சை எடுத்தாலும் பின்சக்கரம் சாக்கடை மூடி மேல ஏறும். பெருசு இல்லன்னு அங்கயே முடிவாயிடுச்சு.

சின்னது திரும்பும், ஆனா நிறுத்த இடமில்ல. பொன்னேரியில சித்தப்பா வீட்ல மேடான முற்றம் இருக்கு, மிக்ஜாம் அப்பக்கூட தண்ணி வரல. துணியும் காயும். பழவேற்காட்டுக்கும் ஆந்திராப் பக்கத்துக்கும் அந்த வழியாத்தான் போகணும். அங்க விடலாம்னு பாக்குறேன்.

ராயபுரம் அண்ணா, ஒரு ராத்திரி உங்க ட்ரெய்லரைத் தருவீங்களா? சித்தப்பா வீட்டு முற்றத்துலயே விரிச்சு அம்மாவைப் படுக்க வெச்சுப் பாக்கணும். ஏணி ஏற முடியுதா, ராத்திரி இறங்க முடியுதான்னு தெரியாம வாங்க மனசு வரல.

ராயபுரம் மீன்குழம்பு

எடுத்துக்கோ தம்பி, இதுல கேக்க என்ன இருக்கு. அம்மாவுக்கு மேல வேணாம். பக்கவாட்டுல ஒரு அறை விரியும், தரையோட கட்டில் போடலாம். பக்கத்துலயே சின்னக் கழிப்பறைக் கூடாரம், உள்ள கேசட் டாய்லெட் (அடித் தொட்டியைக் கழட்டிக் கொட்டிடலாம்). எங்க மாமியார் அப்படித்தான் தங்குறாங்க. 100 ஆம்பியர் அவர் லித்தியம் பேட்டரி இருக்கு. எங்க ஃப்ரிட்ஜ் வெயில் நாள்ல 40 வரைக்கும் குடிக்குது, மிச்சம் லைட்டுக்கும் அம்மாவுக்கு ஒரு ஃபேனுக்கும் தாராளம். வண்டியிலேர்ந்து பேட்டரிக்கு வர்ற ஒயர் மட்டும் தடிமனா இருக்கணும். நான் மொதல்ல மெல்லிசு போட்டு, நாள் பூரா ஓட்டியும் பாதிகூட ஏறல.

கொளத்தூர் அக்கா

இடம் பாத்துட்டீங்க, சந்தோஷம். என் எண்ணம் மாறல தம்பி. வருஷத்துக்கு நாலு தடவைக்கு இது பெரிய செலவு. ஆனா வாங்கித்தான் ஆகணும்னா, அம்மா ஒரு ராத்திரி படுத்து எந்திரிச்சு "சரி"ன்னு சொன்னதுக்கப்புறம் வாங்குங்க. நீங்க அவங்களுக்காகச் சொல்லாதீங்க, அவங்க வாயால வரணும்.

எண்ணூர் வெல்டர்

தம்பி, வண்டியில அஞ்சு பேரும் ஒக்காந்ததுக்கப்புறம் தரையிலேர்ந்து கொக்கி உருண்டை எவ்ளோ ஒசரம்னு அளந்து இங்க போடு. காலி வண்டியில அளக்காத, ஆளு ஏறுனா எறங்கிடும். ட்ரெய்லர் மட்டமா நிக்கணும். ராயபுரத்தாரோட கொக்கி ஒசரம் எங்கிட்ட கீது. சேரலன்னா சனிக்கிழமை கப்ளரைக் கொண்டாந்து மாத்திக் குடுக்குறேன்.

தண்டையார்பேட்டை அப்பா

47 செ.மீ. அண்ணே. அம்மாவையும் உக்கார வெச்சுத்தான் அளந்தேன்.