ரெசிடென்ஸ் இன், டவுன்பிளேஸ், ஸ்பிரிங்ஹில்: அடுப்பு எதில் இருக்கும்?

திருநகர் 3வது ஸ்டாப்:
தம்பிக்கு டல்லாஸில் பட்டமளிப்பு விழா, அக்கா என்று நான்தான் அம்மாவைக் கூட்டிப் போகிறேன். அவன் அறையில் நான்கு பேர், அதனால் பத்து நாளும் ஓட்டல்தான். மாரியட் ஆப்பில் ரெசிடென்ஸ் இன், டவுன்பிளேஸ் சூட்ஸ், ஸ்பிரிங்ஹில் சூட்ஸ், கோர்ட்யார்ட் என்று பக்கத்துப் பக்கத்திலேயே வருகிறது, படம் எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. அம்மாவுக்குச் சர்க்கரை, வேளைக்குக் கஞ்சியோ ரசம் சாதமோ வேண்டும். போன தடவை வேறொரு ஊரில் "சூட்" என்ற பெயரை நம்பிப் பணம் கட்டினேன், போனால் மைக்ரோவேவ் மட்டும்தான். மூன்று நாளும் அம்மா பிரெட்டும் பாலும்தான். இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

பழங்காநத்தம்:
அக்கா, சூட் என்றால் சமையலறை இல்லை. சோபா போட்டு இடம் கொஞ்சம் தாராளமாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்பிரிங்ஹில் அந்த வகை. ரெசிடென்ஸ் இன், டவுன்பிளேஸ் இரண்டும் நாள்கணக்கில் தங்குபவர்களுக்கானவை, அடுப்பு, பெரிய ஃபிரிட்ஜ், பாத்திரம் எல்லாம் அறையிலேயே இருக்கும், காலைச் சாப்பாடும் வாடகையில் சேர்த்தி. இரண்டில் டவுன்பிளேஸ்தான் பெரும்பாலும் மலிவு. கோர்ட்யார்டில் காலைச் சாப்பாட்டுக்குத் தனிக் காசு. தாஜ், விவான்டா, ஜிஞ்சர் எல்லாம் ஒரே குழுமம்தானே, ஆனால் தாஜில் கிடைப்பதை ஜிஞ்சரில் எதிர்பார்த்துப் போவோமா? அதே கணக்குதான் இதுவும்.

ஆரப்பாளையம்:
ஹில்டனிலும் இதே குழப்பம் உண்டு. ஹோம்வுட் சூட்ஸில் அடுப்பு இருக்கும். ஹோம்2 சூட்ஸில் பாத்திரம் கழுவும் மெஷின்கூட இருக்கும், ஆனால் அடுப்பு பதித்திருக்காது, இண்டக்‌ஷன் அடுப்பை வரவேற்பில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எதுவானாலும் அந்த ஓட்டலுக்கே போன் போட்டு "அறையில் அடுப்பு உண்டா" என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். அப்புறம், தாளிக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனை முதலில் போட்டுவிடுங்கள், கடுகு, மிளகாய் புகைக்கே அலாரம் அடித்துவிடும்.

திருநகர் 3வது ஸ்டாப்:
ராத்திரி கண்விழித்து போன் போட்டேன். டவுன்பிளேஸில் அடுப்பு உண்டு என்று சொன்னார்கள், பத்து நாளுக்கும் போட்டுவிட்டேன். அம்மாவுக்கு இப்போதுதான் முகம் தெளிந்தது. ரொம்ப நன்றி. இங்கிருந்து கரண்ட் ரைஸ் குக்கரை எடுத்துப் போகலாமா?

பழங்காநத்தம்:
வேண்டாம் அக்கா. அங்கே 120 வோல்ட், நம்முடையது 230, சோறு வேகாது. அடிப்பாகம் தட்டையான சின்ன பிரஷர் குக்கர் போதும், செக்-இன் பெட்டியில் வையுங்கள்.