உதவி: பியர் பானை ஒயரிங், சாதாரண பிளக் தாங்குமா?

கராஜ்வாசி (சாட்ஸ்வொர்த், டர்பன்):
அவசரம். கராஜில் ஆட்டோமேட்டிக் பியர் செட்டப் போடுறேன். ரெண்டு பானை, பம்ப், டெம்பரேச்சர் கன்ட்ரோலர், எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன்-ஆஃப் பண்ற எலெக்ட்ரானிக் சுவிட்ச்) எல்லாம் வந்தாச்சு. பிளக்கில் மாட்டினால் போதுமா, தனி லைன் வேணுமா? சனிக்கிழமை காய்ச்சணும்.

ஃபீனிக்ஸ்_அக்கா:
பானையைச் சூடாக்குற எலிமெண்ட் எத்தனை வாட் தம்பி? அதைச் சொல்லாம என்னத்த சொல்றது?

மால்ட்மணி:
வாட் கிடக்கட்டும். எஸ்எஸ்ஆரை நம்பாதீங்க. கெட்டால் பெரும்பாலும் ஆன்லயே ஒட்டிக்கும். கன்ட்ரோலர் ஆஃப் காட்டும், பானை கொதிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்கு முன்னால ஒரு கான்டாக்டர் (மொத்த கரன்ட்டையும் துண்டிக்கிற பெரிய ரிலே), ஒரு சிவப்பு எமர்ஜென்சி பட்டன் கட்டாயம். எஸ்எஸ்ஆர் சூட்டை வெளியேத்துற ஹீட்சிங்க் பெட்டிக்கு வெளியே இருக்கணும்.

கராஜ்வாசி:
ரெண்டுமே 3 கிலோவாட் கீசர் எலிமெண்ட். கீசர் லைன் கராஜ் சுவர் ஓரமாத்தான் போகுது, அதிலேயே எடுத்துடவா?

பழைய_ஒயர்மேன்:
கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் வழக்கம் இங்கே ஒழிந்தேவிட்டது. 3000-ஐ 230-ஆல் வகுங்கள், 13 ஆம்ப். இரண்டுக்கும் 26. நம் பிளக் பாயின்ட் 16. பள்ளிக்கூடத்துக் கணக்கு. கீசர் லைனோ பல வீடுகளில் எர்த் லீக்கேஜ் (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) வழியாக வருவதே இல்லை. அதன் 30 மில்லியாம்ப் பாதுகாப்பு பெரும்பாலும் பிளக் பாயின்டுகளுக்குத்தான். ஈரக்கையோடு வோர்ட் (நொதிக்காத மால்ட் சாறு) கிளறப்போகிறவர் அதைத் தொடலாமா? தனி 32 ஆம்ப் லைன், 6 ஸ்கொயர் (சதுர மி.மீ.) கேபிள், அதற்கென்று எர்த் லீக்கேஜ். பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் போட்டு சிஓசி (ஒயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) தரவேண்டும். நாளைக்கு வீட்டை விற்கப் போனால் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள்.

கேஸ்கட்சி:
கேஸ் அடுப்பு வாங்குங்க, இந்தத் தலைவலியே இல்ல.

சுந்தரி_ஆன்ட்டி:
புரட்டாசி நடக்குது, வீட்டில் கறிச்சட்டியே பரண் ஏறியாச்சு. இதில் பியரா?

மால்ட்மணி:
ஆன்ட்டி, நொதிக்க 2 வாரம், பாட்டிலில் இன்னும் 2 வாரம். மூடி திறக்கிறப்ப விரதம் முடிஞ்சிருக்கும்.

சுந்தரி_ஆன்ட்டி:
நடுவில் ருசி பார்க்காமலா இருப்பார்?

மால்ட்மணி:
எவ்வளவு நொதிச்சிருக்குன்னு ஹைட்ரோமீட்டர்ல அளந்துட்டு கீழே ஊத்திடலாமே.

கேஸ்கட்சி:
ஊத்துவாராம்!

ஃபீனிக்ஸ்_அக்கா:
ஒயரிங்குக்கு வாங்கப்பா. தம்பி, தனி லைன் வரும்வரை ஒரு செலக்டர் சுவிட்ச் வைங்க. ஒரு நேரத்துக்கு ஒரு எலிமெண்ட்தான் ஓடும், 13 ஆம்புக்குள் நிற்கும், சின்ன பம்பும் தாங்கும். அதே லைனில் கெட்டில் போடக்கூடாது, எக்ஸ்டென்ஷன் ரீல் வேண்டவே வேண்டாம். 30 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 66-க்கு ஏத்த அரை மணிக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். எலிமெண்ட் புதுசா, பழசா? ரொம்ப நாள் சும்மா கிடந்ததுன்னா உள்ளே ஈரம் இழுத்திருக்கும், போட்டதும் எர்த் லீக்கேஜ் விழும். இன்சுலேஷன் டெஸ்ட் (கரன்ட் கசியுதான்னு பார்க்கிறது) பண்ணிட்டு மாட்டுங்க. பானை உடம்புக்கு எர்த் மறக்காதீங்க.

கராஜ்வாசி:
செலக்டர் வாங்கியாச்சு. கான்டாக்டர் திங்கள்தான் வருமாம். எலெக்ட்ரீஷியன் அடுத்த மாசம். எல்லாருக்கும் நன்றி.

மால்ட்மணி:
அப்போ சனிக்கிழமை கான்டாக்டர் இல்லாமலேவா??

ஃபீனிக்ஸ்_அக்கா:
தம்பி?