பூக்கார ஆயாவின் கால் புண்: கட்டுப் போட யாராவது வர முடியுமா?

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், தூய இருதய ஆண்டவர் பசிலிக்கா அருகே பூ விற்கும் ஆயாவுக்கு இடது குதிகாலில் ஆறாத புண். சர்க்கரையும் இருக்கிறது. மூன்று வாரமாகச் சீழ், பாதம் வீங்கிவிட்டது. வலியே இல்லை என்கிறார். அதுதான் எனக்குப் பயம்.

அரசு மருத்துவமனைக்கு ஒருமுறை கூட்டிப்போனேன். வரிசை நீளம், பூ வாடிவிடும் என்று பாதியிலேயே எழுந்து வந்துவிட்டார். பணம் கொடுத்தால் வாங்கவில்லை. சரி, கூடையோடு பூவை வாங்கிக்கொள்கிறேன் என்றேன். இரண்டு முழம் மட்டும் அளந்து கொடுத்து, "மாதாவுக்கு இது போதும் கண்ணு" என்றார்.

தவக்காலத்தில் கறி, மீன் விட்டுச் சேர்த்த 1,800 ரூபாயை அவருக்கென்றே வைத்திருக்கிறேன். மருந்துச் செலவு என்னுடையது.

காலை 6 முதல் 9 வரை அங்கேதான் இருப்பார். அந்த இடத்துக்கே வந்து புண்ணைப் பார்த்துக் கட்டுப் போடக்கூடிய செவிலியர் யாராவது இருக்கிறீர்களா?