டஸ்ட் பவுல் ஆண்டுகளில் ஊரை விட்டுப் போகாத குடும்பங்கள் எப்படிப் பிழைத்தன?

கேள்வி – மேட்டுநிலம்

அனைவருக்கும் வணக்கம். 1930களில் அமெரிக்காவின் தெற்குச் சமவெளியை வாட்டிய வறட்சியையும் புழுதிப் புயல்களையும், அதாவது டஸ்ட் பவுல் என்று சொல்லப்படும் காலத்தை, பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எதை எடுத்தாலும், மூட்டை முடிச்சுகளைப் பழைய காரின் மேல் கட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டவர்களின் கதையே முன்னால் வந்து நிற்கிறது. ஆனால் ஒக்லகோமாவின் மேற்குக் கோடி, டெக்சஸின் வடமுனை, கன்சாஸின் தென்மேற்கு, கொலராடோவின் தென்கிழக்கு, நியூ மெக்சிகோவின் வடகிழக்கு ஆகியவை கூடும் அந்த வட்டாரத்தில், பாதிக்கு மேற்பட்ட மக்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள் என்றும் தெரிகிறது. என் ஐயம் அவர்களைப் பற்றியது. ஆண்டுக்கணக்கில் விளைச்சல் பொய்த்த நிலையில் அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள்? கைச்செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மாடுகளை எப்படிக் காப்பாற்றினார்கள்? மன உறுதியால் தாங்கினார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், அன்றாட வாழ்க்கை எப்படி நடந்தது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் – செவல்காடு

நல்ல கேள்வி. வீட்டுக்குள்ளிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அந்த ஆண்டுகளின் பாரத்தில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மாவைப் பசைபோலக் காய்ச்சி, கிழித்த துணிப் பட்டைகளை அதில் தோய்த்துச் சன்னல் இடுக்குகளில் ஒட்டுவார்கள். அதன் மேல் நனைத்த போர்வைகளைத் தொங்கவிடுவார்கள். சிறிது நேரத்தில் அந்தப் போர்வையே சேறு பூசியதுபோல் ஆகிவிடும், அதைப் பிழிந்து அலசி மறுபடியும் மாட்ட வேண்டும். இவ்வளவு செய்தும் புழுதி உள்ளே வந்தது. சாப்பாட்டு மேசையில் தட்டுகளையும் குவளைகளையும் கவிழ்த்தே வைத்திருந்து, உணவு பரிமாறும் நொடியில்தான் நிமிர்த்துவார்கள். ரொட்டி மாவை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பிசைந்த பெண்கள் உண்டு. இரவில் நனைத்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதும், மூக்குத் துளைகளில் வாஸ்லின் தடவிக்கொள்வதும் அன்றாடப் பழக்கமாயின. அப்படியும் நுரையீரலில் புழுதி படிந்து வந்த நோய்க்கு, புழுதி நிமோனியா என்று அங்கே பெயர் இருந்தது. குழந்தைகளும் முதியவர்களும் அதற்குப் பலியானார்கள். 1935ஆம் ஆண்டு செஞ்சிலுவைச் சங்கம் அவசர மருத்துவமனைகளைத் திறந்து, முகமூடிகளை வழங்க வேண்டியிருந்தது.

உணவைப் பொறுத்தவரை, இந்த வட்டாரத்துக்கு ஒரு நல்வாய்ப்பு இருந்தது. மழை பொய்த்தாலும், காற்றாலை இறைத்த ஆழக் கிணறுகளில் தண்ணீர் வற்றவில்லை, அடியில் இருந்தது ஒகல்லாலா என்னும் பெரும் நிலத்தடி நீர்த்தேக்கம். வயலுக்குப் பாய்ச்ச அந்தத் தண்ணீர் போதாது. ஆனால் குடிக்கவும், நாலைந்து மாடுகளுக்கும் கோழிகளுக்கும் காட்டவும், வீட்டோரத்துக் காய்கறிப் பாத்திக்கு விடவும் போதும். அந்தப் பாத்தியையும் புயலின்போது புழுதித் துகள்கள் உரசி உண்டாகும் மின்னேற்றம் ஒரே பிற்பகலில் கருக்கிவிடுவதுண்டு. பால், பீன்ஸ், மக்காச்சோள ரொட்டி, போன ஆண்டு புட்டியில் அடைத்து வைத்த இறைச்சி ஆகியவற்றால் வயிற்றை நிரப்பினார்கள். எதுவுமே முளைக்காத நிலத்தில் தானாக முளைத்த ரஷ்ய முட்செடியை, முள் முற்றும் முன்பே அறுத்து, உப்பிட்டு மாட்டுத் தீவனமாகப் போட்டு வைத்தார்கள். ஒக்லகோமாவின் மேற்குக் கோடியிலுள்ள சிமரோன் மாவட்டத்தில் அதையே உப்புநீரில் பதப்படுத்தி மனிதர்களும் உண்டார்கள். மரமில்லாத ஊர் என்பதால் அடுப்புக்கு வரட்டி.

வாரந்தோறும் ஊருக்குப் போகும்போது பாலேடும் முட்டையும் எடுத்துப்போய் விற்று, அந்தக் காசில் சர்க்கரையும் காப்பியும் மண்ணெண்ணெயும் வாங்கி வந்தார்கள். கோதுமை மொத்தமாகப் பணம் தந்த காலத்தில் வீட்டுக்காரியின் சில்லறை வருமானமாக இருந்தது, கோதுமை போன பிறகு குடும்பத்தின் வருமானமாகவே ஆயிற்று. தீவனச் சாக்குத் துணியில் குழந்தைகளுக்குச் சட்டை தைத்தவர்களும் அவர்களே.

பதில் – ஊர்க்கணக்கு

செவல்காடு அவர்கள் எழுதியதோடு எனக்கு முழு உடன்பாடு. ஆனால் பாலேட்டுக் காசில் மளிகை வாங்கலாம், வங்கிக் கடனுக்குத் தவணை கட்ட முடியாது. எனவே பெரிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

முதலில், இவர்கள் வறட்சிக்கு முன்பே கடனில் இருந்தார்கள். முதல் உலகப் போர்க்காலத்தில் ஒரு புஷெல் கோதுமை, அதாவது ஏறத்தாழ 27 கிலோ, 2 டாலருக்குப் போயிற்று. அந்த விலையை நம்பி டிராக்டரும் சட்டிக் கலப்பையும் கடனுக்கு வாங்கி, எருமைப் புல் படர்ந்திருந்த மேய்ச்சல் தரையை உழுது தள்ளினார்கள். 1931இல் மழை நன்றாகப் பெய்து விளைச்சல் குவிந்தது, ஆனால் விலை 40 சென்ட்டுக்கும் கீழே விழுந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து மழையும் இல்லை. ஆகவே இது இயற்கை மட்டும் தந்த துன்பம் அன்று. சந்தை ஏற்கெனவே முதுகெலும்பை முறித்த பிறகே வானம் கைவிட்டது.

இந்நிலையில் 1933 மே மாதம் வந்த வேளாண் சீரமைப்புச் சட்டம் எதிர்பாராத வகையில் உதவியது. கோதுமைப் பரப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டவர்களுக்கு, முந்தைய ஆண்டுகளில் அவர்கள் விதைத்த பரப்பை அடிப்படையாக வைத்து அரசு பணம் கொடுத்தது. உற்பத்தியைக் குறைத்து விலையை உயர்த்துவதே நோக்கம். ஆனால் விதைத்தாலும் விளையாத இடத்தில் அது வறட்சி நிவாரணம் போலவே பயன்பட்டது. 1936 தொடக்கத்தில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் அடிப்படையைச் செல்லாதென்று தீர்ப்பளித்தவுடன், மண் பாதுகாப்புக்காகப் பணம் கொடுப்பதாக மாற்றி நாடாளுமன்றம் வேறொரு சட்டம் இயற்றியது. இவற்றோடு சாலை போடும் நிவாரண வேலையும் இருந்தது. தன் நிலத்தில் முதலாளியாக இருந்த மனிதர் கூலிக்கு மண் வெட்டப் போவதை அவமானமாக உணர்ந்தார் என்பதைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனாலும் போனார்.

மாடுகளின் கதை வேறு. தீவனம் தீர்ந்தபோது, சோப்புக் கற்றாழை என்று அங்கே சொல்லும் யுக்கா கிழங்கை வெட்டி அரைத்து, பருத்திக்கொட்டைப் புண்ணாக்குடன் கலந்து போட்டார்கள். அதுவும் முடியாதபோது, 1934 கோடையிலிருந்து அரசே மாடுகளை விலைக்கு வாங்கியது. வளர்ந்த மாட்டுக்கு அதிகபட்சம் 20 டாலர் வரை கிடைத்தது. நடக்கக்கூடத் தெம்பில்லாத மாடுகளை அங்கேயே சுட்டுக் குழியில் தள்ளினார்கள், தேறியவற்றின் இறைச்சி ஏழைகளுக்கு விநியோகிக்கப்பட்டது. பெயர் வைத்து வளர்த்த பசு தன் கண்ணெதிரே குழியில் விழுவதைப் பார்த்துக்கொண்டு அந்தப் பணத்தை வாங்கியவர்களை நினைக்கும்போது, அரசுத் திட்டத்தை வெற்றிக் கணக்காக மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பணம் வந்திராவிட்டால் பல பண்ணைகள் அந்த ஆண்டே ஏலத்துக்குப் போயிருக்கும் என்பதும் உண்மை.

மேட்டுநிலம் (கேள்வி கேட்டவர்)

இருவருக்கும் மிக்க நன்றி. இவ்வளவு துன்பத்துக்குப் பிறகும் அவர்கள் ஏன் போகவில்லை என்பது இப்போது இன்னும் பெரிய கேள்வியாகத் தெரிகிறது. ஊர்ப்பற்றா, அல்லது போவதற்கே வழியில்லையா?

பதில் – வடகாற்று

இரண்டும் கலந்திருந்தன என்பதே நேர்மையான விடை. அதோடு, போனவர்களைப் பற்றிய நம் படத்தையும் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா சென்ற ஒக்லகோமாக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் கிழக்கு ஒக்லகோமாவைச் சேர்ந்த பருத்திக் குத்தகைதாரர்கள். அவர்களை வெளியேற்றியது பருத்தி விலை வீழ்ச்சியும், டிராக்டரும், நிலவுடைமையாளர் குத்தகையை முடித்துக்கொண்டதும்தான். புழுதி மண்டலத்தின் நடுவில் இருந்தவர்களில் பலர் சொந்த நிலக்காரர்கள், குத்தகைதாரரைப்போல ஒரே நாளில் அவர்களை வெளியேற்ற முடியாது. ஆனால் அந்த நிலத்தை வாங்க ஆளில்லை. விற்காமல் போனால் அதுவரை கட்டிய தவணையெல்லாம் வீண். அடுத்த ஆண்டு மழை வரும் என்ற நம்பிக்கையும் இருந்தது, அது மடமையன்று, ஏனெனில் 1920களில் நல்ல மழையை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள்.

ஒக்லகோமாவின் எவா என்ற சிற்றூருக்கு அருகில் 1907இல் குடியேறிய கரோலைன் ஹெண்டர்சன் என்ற பெண்மணியின் வாழ்க்கை இதற்குச் சான்று. கல்லூரியில் படித்தவர், ஆசிரியையாக இருந்தவர், வேறிடத்தில் பிழைக்கத் தகுதியுள்ளவர். புழுதியின் நடுவிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் 1936இல் ஒரு தேசிய இதழில் வெளிவந்தன. அவரும் கணவரும் 1965 வரை அதே பண்ணையில் வாழ்ந்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். டெக்சஸின் டால்ஹார்ட் நகரில், 1935 ஏப்ரல் 14ஆம் நாளின் கரும்புயலுக்குப் பிறகு, உள்ளூர்ப் பத்திரிகையாசிரியர் ஜான் மெக்கார்ட்டி, கடைசி மனிதராகும் வரை ஊரை விட்டுப் போகமாட்டேன் என்று உறுதிமொழி எடுப்போரின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். பலர் கையெழுத்திட்டார்கள். பின்னர் அவரே வேறு வேலை கிடைத்து அமரில்லோவுக்குப் போய்விட்டார். அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன். சிமரோன் மாவட்டம் அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மக்களை இழந்தது. கொலராடோவின் பாக்கா மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை ஆறாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது.

பதில் – வரப்போரம்

மேலே உள்ளவற்றில் விடுபட்ட ஒன்று நிலத்தைப் பற்றியது. தங்கியிருந்த குடும்பம் தன் நிலத்தை மட்டும் காத்தால் போதவில்லை என்பதே பெரிய கொடுமை. பக்கத்து நிலக்காரர் விட்டுவிட்டுப் போயிருந்தால், அல்லது நகரத்தில் இருந்துகொண்டு விதைப்புக்கும் அறுவடைக்கும் மட்டும் வந்துபோகிறவராக இருந்தால், அங்கிருந்து பறக்கும் மணல் இவர்களுடைய முளைவிட்ட பயிரை அறுத்து, வேலியை மூடி, கொட்டகை வாசலில் குன்றாகக் குவிந்தது. ஆகவே ஆழமாகப் பார் பிடிக்கும் கலப்பையைக் காற்றுக்குக் குறுக்கே ஓட்டி, கட்டி மண்ணை மேலே கொண்டுவந்து, பறப்பதை நிறுத்தும் அவசர உழவுக்கு அரசு எரிபொருள் செலவு கொடுத்தது.

நிரந்தரமான வழியை முன்பே கண்டவர் ஹோவர்ட் ஃபின்னெல். ஒக்லகோமாவின் குட்வெல் ஆய்வு நிலையத்தில், சரிவுக்குக் குறுக்கே சம உயரத்தில் உழுது வரப்பெடுத்தால் பெய்கிற குறைந்த மழையும் நிலத்திலேயே நிற்கும் என்பதை 1920களிலேயே அவர் சோதித்துப் பார்த்திருந்தார். மண் அரிப்புத் தடுப்புப் பணி என்ற அரசு அமைப்பின் தலைவர் ஹக் பென்னட்டின் கீழ், டால்ஹார்ட் திட்டப் பணியை 1934இல் அவரே ஏற்றார். தாத்தா காலத்து நேர்சால் உழவைக் கைவிடச் சொன்னபோது முதலில் தயங்கிய உழவர்கள், பணமும் கிடைத்து, பக்கத்து வயலில் சோளம் நிற்பதையும் கண்டபின் மாறினார்கள். கோதுமைக்கு இடையே சோளத்தைப் பட்டையாக விதைப்பதும், அறுத்த தாளை எரிக்காமல் நிலத்திலேயே விடுவதும் அப்போது பரவின.

போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தவித்தவர்களுக்கு இன்னொரு வழியும் கிடைத்தது. மிக மோசமாகச் சீரழிந்த நிலங்களை அரசே விலைக்கு வாங்கிப் புல் விதைத்தது. கன்சாஸின் மார்ட்டன் மாவட்டத்தில் இன்று சிமரோன் தேசியப் புல்வெளி என்று அழைக்கப்படுவது அப்படி வாங்கிய நிலமே. அங்கே விற்றுவிட்டுக் கடனை அடைத்தவர்களில் சிலர் கலிபோர்னியாவுக்குப் போகாமல், அருகிலேயே சற்று நல்ல நிலத்தைத் தேடிக் குடியேறினார்கள். 1939 இலையுதிர் காலத்தில் மழை திரும்பியபோது மறுபடியும் விதைத்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.