மோதிர விரலை மட்டும் மின்துடிப்பால் மடக்க முடியுமா?

தோபாயோ_குமரன்
பலதுறைத் தொழிற்கல்லூரி இறுதியாண்டுத் திட்டம் இது. கடையில் வாங்கிய இஎம்எஸ் (தசையை மின்துடிப்பால் தூண்டும்) கருவியின் வெளியீட்டை ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகை, ஆப்டோகப்ளர் (ஒளிவழி மின்சுவிட்சு) வழியாகத் திறந்து மூடுகிறேன். 5 செ.மீ. சதுர ஜெல் பட்டைகள், முன்கையின் உள்பக்கம், 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 துடிப்பு). விரலுக்கு முன்னால் மணிக்கட்டு மடங்கிவிடுகிறது. சில நிமிடங்களில் அசைவே நின்றுபோகிறது. ஒரு பட்டைக்கு அடியில் மட்டும் தோல் சிவக்கிறது. எங்கே திருத்துவது?

முன்கை_நரம்பு
பட்டை பெரிது, தம்பி. விரலை மடக்கும் தசை, மணிக்கட்டை மடக்கும் தசைகளுக்கு அடியில் கிடக்கிறது. அகலமான பட்டை மேலே இருப்பதைத்தான் முதலில் இழுக்கும். 3 செ.மீ. வட்டப் பட்டைக்கு மாறுங்கள். நேர்முனையை மணிக்கட்டுக்கு அருகில் ஒட்டிவிட்டு, எதிர்முனையை முன்கையின் நடுவில், சுண்டுவிரல் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். தேடும்போது 1–2 ஹெர்ட்ஸ் போதும். எந்த விரல் வெட்டி இழுக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். கிடைத்த இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். உள்ளங்கையைத் திருப்பினால் தோலுக்கு அடியில் தசை நகர்ந்துவிடும், ஆகவே முன்கையை ஒரே நிலையில் வைத்துச் சோதியுங்கள். ஆட்காட்டி விரலை எடுக்காமல் விட்டது நல்லது, அதன் தசை இன்னும் ஆழம்.

அசைவு நிற்பது சோர்வு. மூளை தசை இழைகளை முறைவைத்து வேலை வாங்கும். மின்சாரமோ அதே இழைகளையே ஒருசேரத் திரும்பத் திரும்ப உசுப்பும். 25–30 ஹெர்ட்ஸ், 1 வினாடி தூண்டல், 3–4 வினாடி ஓய்வு. 20க்குக் கீழே இறக்கினால் விரல் நடுங்கும்.

சாலிடர்_மணி
எனக்கு அந்தச் சிவப்புதான் கவலை. 4என்35 மாதிரி டிரான்சிஸ்டர் ஆப்டோகப்ளரா? அது ஒரு திசையில்தான் கடத்தும். இருதிசைத் துடிப்பில் பாதி வெட்டுப்பட்டு, மின்னேற்றம் ஒரே பக்கம் சேர்ந்து தோலை அரிக்கும். இரு திசையும் கடத்தும் ஃபோட்டோமாஸ் ரிலே வேண்டும்; சிங்கப்பூர் சிம் லிம் டவர் மின்னணுக் கடைகளில் பெயர் சொல்லியே கேளுங்கள். மாற்றிய பிறகு கைக்குப் பதில் 1 கிலோ ஓம் மின்தடையைப் போட்டு, மின்துடிப்பைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் இரண்டு பாதியும் சமமா என்று பாருங்கள். அதுவரை யார் கையிலும் ஒட்டாதீர்கள்.

தோபாயோ_குமரன்
நன்றி அண்ணே. வியர்வை ஏதும் செய்யுமா?

சாலிடர்_மணி
நம்ம ஊர் புழுக்கத்தில் நிச்சயம் செய்யும். இரு பட்டைக்கும் நடுவே ஈரம் படர்ந்தால் மின்சாரம் தோல் மேலேயே ஓடிவிடும். ஓரம் பெயர்ந்தால் மிச்சமுள்ள சிறு பரப்பில் குவிந்து சுடும். சோப்பால் கழுவி, நன்றாகத் துடைத்து ஒட்டுங்கள். ஆர்டுயினோவுக்கு மின்கலம், கணினிக்கு புளூடூத். சார்ஜரில் செருகிய மடிக்கணினியோடு யூஎஸ்பி இணைப்பு கூடவே கூடாது. இரண்டு பட்டையும் ஒரே கையில்தான், இல்லாவிட்டால் மின்பாதை மார்பைக் கடக்கும். இதயமுடுக்கி வைத்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மேல் சோதிக்க வேண்டாம்.